நாலு மலையும் ஒரே கவ்வாத்து

ஒரே சஹனில் கைவைத்துச் சாப்பிட்டவனைச் சந்தேகப்படக் கூடாது என்று கொட்டகலை பலசரக்குக் கடை இஸ்ஸதீன் ஐம்பத்திரண்டு வயது வரை நம்பியிருந்தார். ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு பெரிய தட்டுச் சோற்றைப் பகிர்ந்து தின்ற பிறகு, அதில் ஒருவன் நீட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவனைக் கள்ளன் என்று சொல்வதற்குச் சமம். ராசிக் ஹாஜியாருக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் தன் மகளின் கல்யாண விருந்தில் இஸ்ஸதீனைப் பக்கத்தில் இருத்தி, பொரித்த கோழியின் தொடையைப் பிய்த்து அவர் பக்கம் வைத்து, கை கழுவிய ஈரம் காயும் முன்னே நானா என்று அண்ணன் முறை சொல்லி, ஒரு கட்டுக் கடுதாசியைக் கையில் கொடுத்தார்.

“இது புரொக்ஸி நானா. கம்பெனிக் கூட்டத்தில பங்குக்காரங்கட வோட்ட நான் போடுறதுக்கு ஒரு ஒப்பம், அவ்வளவுதான். கடய மூடிட்டு அட்டனுக்கு அலையத் தேவல்லயே. நீங்க கேட்டா ஆரும் மறுக்க மாட்டாங்க.”

யாரும் மறுக்கவில்லை. 1949இல் வெள்ளைக்காரத் துரை கூனிமலைத் தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறியபோது, கொட்டகலைக் கடைக்காரர் இருபது பேரைப் பங்கு போடவைத்துக் கம்பெனி ஆக்கியதே இஸ்ஸதீனின் வாய்ச்சொல்தான். பன்னிரண்டு வருடமாக ராசிக் அதற்கு மேனேஜிங் டிரக்டர். இப்போது அதைக் கொழும்புக் கம்பெனி ஒன்றோடு சேர்க்கப் போகிறார்கள். பழைய பங்கு மூன்றுக்குப் புதிய பங்கு ஒன்று. மதிப்பீட்டுக்காரர் வந்து பார்த்துப் போட்ட விலையே அவ்வளவுதான் என்றார் ராசிக். இஸ்ஸதீனும் முதலில் தன் ஒப்பத்தை வைத்து, கடை கடையாக ஏறி இறங்கி எல்லோரிடமும் ஒப்பம் வாங்கிக் கொடுத்தார்.

கூட்டத்தன்று காலையில் கூனிமலையின் கவ்வாத்துக் கங்காணி செல்லசாமி கடைக்கு வந்தார். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்கு அவர்தான் பொறுப்பு. எப்போதும் நாலு இறாத்தல் மா வாங்குகிறவர், அன்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

“என்ன செல்லசாமி, ஒண்டோட நிப்பாட்டிட்டீங்க?”

“கொழுந்து இல்லையே மொதலாளி. மூணு மாசமா அரைப்பேருதான் போடுறாங்க. அரைச் சம்பளத்துல எத்தனை வாய்க்கு ரொட்டி சுடுறது?”

“கொழுந்துக்கு என்ன வந்திச்சு?”

செல்லசாமி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இவ்வளவு பெரிய பங்காளிக்கு இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை அது.

“வருசத்துக்கு ஒரு மலையைத்தாங்க வெட்டுவோம். மத்த மூணு மலையில கொழுந்து எடுப்போம். இந்தத் தடவ நாலு மலையையும் ஒரேயடியா வெட்டச் சொல்லிட்டாங்க. கொழுந்து அரைக்கிற ஸ்டோரையே மூட வேண்டி வருமேன்னு கேட்டேன். ராசிக் மொதலாளி உத்தரவுன்னாங்க. வெட்டி முடிச்ச பத்தாம் நாளு மதிப்புப் போடுற தொரை வந்தாரு. மலை முழுக்க வெறகுக் குச்சி, ஒத்த எலை இல்ல. எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.”

“அவருக்குக் கவ்வாத்து தெரியாதா?”

“தெரியாம இருக்குமாங்க. செடி சாகலையே மொதலாளி. இப்பவே துளிர் விட்டிருக்கு. அடுத்த வருசம் அள்ளிக் கொட்டும்.”

இஸ்ஸதீனின் கண் சுவரில் தொங்கிய கவ்வாத்துக் கத்திகள் மேல் போயிற்று. அந்த வருடம் வழக்கத்தைப் போல நாலு மடங்கு கத்தி விற்றிருந்தது. வியாபாரத்தில் அல்லாஹ்வின் பரக்கத் இறங்கிவிட்டதென்று பூரித்து, பள்ளிவாசல் உண்டியலில் காசு வேறு போட்டிருந்தார்.  ராசிக் தின்னக் கொடுத்த கோழித் தொடையின் விலை இப்போதுதான் விளங்கியது.

கடையைச் சாத்திவிட்டு அட்டன் பஸ்ஸில் ஏறினார். ராசிக்கின் வீட்டு மேல்மாடியில் கூட்டம் தொடங்கியிருந்தது. வெள்ளைச் சட்டைச் செயலாளர் ஒருவர் தீர்மானத்தை வாசித்துக்கொண்டிருந்தார். கடைசி வரியில், இணைந்த கம்பெனியின் டிரக்டர்களில் ராசிக்கும் ஒருவர் என்று வந்தது. துணிக்கடை பைஸர், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர், வோட்டை எழுதிக் கொடுத்துவிட்டு விருந்துக்காக வந்து உட்கார்ந்திருந்தார்கள். கீழேயிருந்து பிரியாணி மணம் ஏறிக்கொண்டிருந்தது.

இஸ்ஸதீன் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். நாலு மலையை வெட்டியதைச் சொன்னார், பத்தாம் நாளைச் சொன்னார், மூன்றுக்கு ஒன்று என்பது பகல் கொள்ளை என்றார்.

“தோட்டத்து வேல எனக்கும் நானாவுக்கும் என்ன தெரியும்?” என்றார் ராசிக், முகம் சுளிக்காமல். “தொரமார் சொன்னாங்க, வெட்டினோம்.”

“நான் தந்த கடுதாசிய வாபஸ் வாங்குறேன்.” இஸ்ஸதீன் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “நீங்களும் வந்துதானே இரிக்கிறீங்க. எழும்பி ஒங்கட கடுதாசியத் திருப்பிக் கேளுங்க. கேட்டா தந்துதான் ஆகணும்.”

 ஒருவர் தொப்பியைச் சரிசெய்தார். பைஸர் யன்னல் பக்கம் பார்த்தார். இஸ்ஸதீனின் வோட்டு மட்டும் எதிராக விழுந்தது. தீர்மானம் நிறைவேறியது என்று செயலாளர் எழுதினார். பன்னிரண்டு வருடத்தை முடிக்க அந்த மனிதருக்கு ஒன்றரை வரி போதுமாயிருந்தது.

பிறகு கீழே பாயில் சஹன்களை வைத்தார்கள். வெறுப்போடு வெளியேறப் போனவரைப் பைஸர் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினார். கை கழுவும் சட்டி சுற்றி வந்தபோது இஸ்ஸதீன் கையை நீட்டவில்லை.

பைஸர் காதோடு கேட்டார்: “நானா, கூடுதலாக் கேட்டீங்களாக்கும். ஹாஜியார் தரல்லயா?”

“என்னத்த?”

“எங்கட ஒப்பமெல்லாம் வாங்கிக் குடுத்ததுக்கு. ஒங்களுக்கெண்டு தனியா ஏதோ இரிக்கும்தானே. அது தெரிஞ்சுதான் ஒப்பம் வெச்சோம். ஒங்களுக்கு நல்லது நடந்தா நாளைக்கு எங்களுக்கும் நடக்குமே.”

“நான் ஒண்டும் கேக்கல்ல பைஸர். அவர் ஒண்டும் தரவுமில்ல.”

பைஸர் பிசைந்த சோற்றை அப்படியே பிடித்தபடி அவரைப் பார்த்தார். “அப்ப சும்மாவா கட கடயா ஏறி எறங்கினீங்க?”

சஹனைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கள்ளத்தனமான சிரிப்புகூட இல்லை அது. ஏமாளி ஒருவனைப் பார்த்து மனம்விட்டுச் சிரித்த சிரிப்பு. ராசிக் மேல் வந்ததைவிட அதிக அருவருப்பு இஸ்ஸதீனுக்கு இவர்கள் மேல் வந்தது. இவர்களை நம்பவைத்துவிட்டோமே என்றுதான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவர் வெந்துகொண்டு வந்திருந்தார். இவர்கள் ஒரு நாளும் அவரை நம்பியிருக்கவே இல்லை.

கை நனைக்காமல் எழுந்தார். யாரும் இருங்கள் என்று சொல்லவில்லை. மற்ற ஐந்து பேரும் நகர்ந்து அவர் இடத்தை நிரப்பிக்கொண்டார்கள். அவர் பக்கமிருந்த கோழித் துண்டைப் பைஸர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.