கடைசி மூன்று

1

இந்தக் கதை என் கீழ்த்தாடையில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடவாய்ப் பற்கள் இரண்டு போய், அவற்றுக்குப் பதிலாகக் கட்டிய செட்டு சரியாக உட்காரவில்லை என்று மூன்று முறை திருப்பிக் கொடுத்தேன். பல் மருத்துவர் பொறுமை இழந்து, செட்டு செய்கிறவர் பின்னறையில்தான் இருக்கிறார், நேராக அவரிடமே மோதிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். பிளாஸ்டர் அச்சுகளுக்கு நடுவே, சட்டைக்கை எப்போது பிய்யுமோ என்று பயமூட்டும் புஜங்களோடு ஒரு மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து என் பல்லை அரைத்துக்கொண்டிருந்தார். அரைத்தபடியே தன் கதையைச் சொன்னார். அரைத்ததை நொடிக்கொருமுறை மாட்டிப் பார்த்ததில் என் வாய் திறந்தே இருக்க வேண்டியிருந்ததால் குறுக்கே பேச முடியவில்லை. என் வாழ்நாளில் நான் முழுசாகக் கேட்ட ஒரே கதை இதுதான்.

2

தொடக்கம் ஒன்று: இரும்பு பொய் சொல்லாது.

[அடித்துவிட்டேன். எல்லா ஜிம் சுவரிலும் இருக்கிற வாக்கியம். தவிர, இந்தக் கதையில் இரும்பைத் தவிர எல்லோரும் பொய் சொல்கிறார்கள். முதல் வரியிலேயே அதைப் போட்டு உடைக்க வேண்டாம்.]

தொடக்கம் இரண்டு: மாலை ஆறு மணிக்கு அவர் கண்ணாடி முன் நின்றபோது அவருக்குள் தூங்கிக்கொண்டிருந்த மிருகம்—

[தூங்கட்டும் பாவம்.]

தொடக்கம் மூன்று: பல்செட்டு என்று ஜிம்மில் அழைக்கப்பட்ட நாற்பத்தொரு வயதுக்காரருக்கு நெஞ்சு வரவில்லை.

இது இருக்கட்டும். உடம்பை வளர்ப்பவர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள். கை வந்துவிட்டது, தொடை வந்துவிட்டது, நெஞ்சுதான் இன்னும் வரவில்லை என்பார்கள், ஏதோ ரயிலில் வரும் உறவினருக்காகக் காத்திருப்பதுபோல.

3

நெஞ்சை வரவழைக்கும் முறை இது: பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடை பூட்டிய கம்பியை நெஞ்சு வரை இறக்கி, மேலே தள்ள வேண்டும். எட்டு முறை. ஜிம் மாஸ்டரின் கொள்கைப்படி முதல் ஐந்து வெறும் கூலிவேலை. தசை வளர்வது கடைசி மூன்றில்தான். இனி முடியாது என்று உடம்பு கைவிரித்த பிறகு தள்ளுகிற அந்த மூன்றுக்குத்தான் ஊக்கம் தேவை.

(ஊக்கம் பற்றி இங்கே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். என் மனைவி படித்துவிட்டு, "நீங்க கடைசியா முழு மூச்சா செஞ்ச வேலை எது?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் இப்போது இல்லை.)

கம்பி நெஞ்சில் விழுந்துவிடாமல் இருக்கத் தலைமாட்டில் ஒருவர் நிற்பார். கம்பிக்கு அடியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, தான் தொடவே இல்லை, எல்லாம் படுத்திருப்பவரின் பலம்தான் என்று சொல்லிக்கொண்டிருப்பது அவருடைய கடமை. பல்செட்டுக்கு நான்கு வருஷமாக அப்படி நின்றவர் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. ஏசி மெக்கானிக். யார் மனமும் கோணக்கூடாது என்று நினைக்கிற ரகம். ரிப்பேர் செய்யவே முடியாத ஏசியைக்கூட, இன்னும் ஒரு கோடைக்கு ஓடும் என்று சொல்லிவிட்டு வருவார்.

4

பல்செட்டின் ஊக்கம் அவமானத்திலிருந்து வந்தது. செல்போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். பெஞ்சில் படுப்பதற்கு முன் ஒன்றைப் படித்து, சூடேற்றிக்கொண்டு, படுப்பார். அதில் சில:

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர் இவரைப் பார்த்தவுடன் ஸ்கோர் எழுத உட்கார வைத்தது. தையல்காரர் தோளளவை எடுத்துவிட்டு, சந்தேகம் வந்து, மறுபடி எடுத்தது. மாடிப்படியில் அறுபது வயது அம்மாள் ஒருத்தி, "நீங்க விடுங்க, உங்களுக்கெதுக்குச் சிரமம்" என்று இவர் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டு ஏறியது.

மூன்று வருஷம் இவை நன்றாக எரிந்தன. நான்காம் வருஷம் நமுத்துவிட்டன. விளையாட்டு ஆசிரியர் காலமான செய்தி வந்தது. அந்த வரியைப் படித்தால் இப்போது கண் கலங்கியது, கண் கலங்கினால் கம்பி ஏறவில்லை. இதற்குள் புஜம் பெருத்துவிட்டதால் புதிதாக அவமானப்படுத்தவும் ஆளில்லை. எல்லோரும் மரியாதையாகப் பேசிக் கழுத்தறுத்தார்கள்.

[சிரிக்காதீர்கள். சக எழுத்தாளருக்கு விருது கிடைத்த செய்தியை என் மேஜைமேல் ஒட்டிவைத்துத்தான் இந்த நான்காம் பகுதியை எழுதினேன்.]

5

ஆகவே ஒருநாள் மச்சானையே கேட்டார்: கம்பியை எடுக்கும் முன் என்னை ஏதாவது அசிங்கமாகச் சொல்.

மச்சான் திணறினார். யோசித்து யோசித்து, "மாமா, நீங்க சில நாள் கொஞ்சம் லேட்டா வர்றீங்க" என்றார். பல்செட்டு தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த நாள், இவர் போடும் சட்டையின் நிறம் சரியில்லை என்றார். வாரக் கடைசியில் பல்செட்டுக்கே கோபம் வந்துவிட்டது. ஆனால் அது தூக்கப் பயன்படாத ரகக் கோபம். உனக்குச் சூடு சொரணை இருந்தால்தானே அடுத்தவனுக்கு ஏற்றுவாய் என்று, நாலு பேர் காதில் விழ, மச்சானைக் கேட்டுவிட்டார்.

பூட்டிய கம்பி நூறு கிலோ. மச்சான் கம்பிக்கு அடியிலிருந்து இரண்டு விரலையும் எடுத்துக்கொண்டார்.

"அந்தக் கடைசி மூணும் நான் தூக்கறது மாமா. நாலு வருஷமா."

பல்செட்டு எழுந்து உட்கார்ந்தார். எதிரே கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். வராமல் டிமிக்கி கொடுத்த தன் நெஞ்சைப் பார்த்தார். பிறகு, குனிந்து குனிந்து அடுத்தவர் கம்பியை இழுத்ததில் பனியனை முட்டிக்கொண்டு அக்குளுக்கு வெளியே இரண்டு பக்கமும் விரிந்து தெரிந்த மச்சானின் முதுகைப் பார்த்தார். நான்கு வருஷத்துக் கடைசி மூன்றும் எங்கே போய்ச் சேர்ந்தன என்று அப்போதுதான் தெரிந்தது.

6

அன்றிலிருந்து பேச்சு நின்றது. இருவரும் அதே நேரத்துக்கு அதே ஜிம்முக்கு வந்து ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். நடுவில் பல்செட்டின் மனைவி, தன் புருஷனும் தம்பியும் ஒரு இரும்புக் கம்பிக்காக முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை வெளியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை மாலை, பல்செட்டு தனியாக நூறு கிலோ பூட்டினார். எடைத்தட்டுகள் நழுவாமலிருக்க இரண்டு பக்கமும் கிளிப் போட்டார். இதுதான் தப்பு. தனியாகப் படுக்கிறவர் கிளிப் போடக்கூடாது. மாட்டிக்கொண்டால் கம்பியைச் சரித்துத் தட்டுகளைக் கொட்டிவிட்டுத் தப்பலாம். ஆனால் அவர் நான்கு வருஷமாகத் தனியாகப் படுத்ததே இல்லை.

ஐந்து ஏறியது. ஆறாவது பாதி வழியில் நின்றது, நடுங்கியது, இறங்கியது. நூறு கிலோவும் நெஞ்சின்மேல் உட்கார்ந்துகொண்டது. சுற்றி இருந்தவர்கள் எல்லோர் காதிலும் பாட்டு.

தன் வாழ்க்கையிலேயே முழு மூச்சோடு முயன்றது அந்த நிமிஷம்தான் என்று, என் பல்லை அரைத்துக்கொண்டே, அவர் சொன்னார். எந்த அவமானமும் ஞாபகம் வரவில்லையாம். பயம் மட்டும்தானாம். எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது அந்த இடத்தில்தான்.

முடிவு அ: பல்லைக் கடித்து, நரம்பு புடைக்க, ஆறையும் ஏழையும் எட்டையும் தூக்குகிறார். [ஜிம் மாஸ்டர் இதை அச்சடித்துச் சுவரில் ஒட்டிக்கொள்வார். நான் அந்த வேலைக்கு வரவில்லை.]

முடிவு ஆ: செத்துப்போகிறார். [பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். ஆனால் செத்தவர் என் பல்லை எப்படி அரைத்தார் என்று அவரே கேட்பார்.]

நடந்தது என்னவென்றால், தண்ணீர் மெஷின் பக்கத்திலிருந்து மச்சான் ஓடிவந்து கம்பியைத் தூக்கி வைத்தார். இதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

7

வேறுபாடு அதற்கு முந்தைய இரண்டு நொடியில்.

"நான் கூப்பிடல சார்," என்றார் பல்செட்டு. அரைக்கும் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சொன்னார். "கம்பி ஏறிக்கிட்டிருந்துச்சு. அவனா வந்து மூக்கை நுழைச்சான். நீங்க கதை எழுதறவர்னு டாக்டர் சொன்னார். அதை மட்டும் கரெக்டா எழுதிடுங்க."

இப்போதும் பேச்சு இல்லையாம். மச்சான் வந்து மன்னிப்புக் கேட்டால் பேசுவதாக உத்தேசமாம்.

நான் விட்டுவிட்டிருக்க வேண்டும். விடாமல், பழுதே இல்லாத என் வீட்டு ஏசியைப் பார்க்க வரும்படி அந்த மச்சானை அழைத்தேன்.* அவர் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தபோது, இதைக் கதையாக எழுதுவதைச் சொல்லிவிட்டுக் கேட்டேன், உங்கள் மாமா கூப்பிட்டாரா இல்லையா என்று.

* கதைக்காக இதுவரை நான் பட்ட சிரமங்களிலேயே பெரியது இதுதான். நன்றாக ஓடுகிற ஏசிக்கு எதற்கு மெக்கானிக் என்று மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மச்சான் ஃபில்டரைக் கழற்றி, தூசியை ஊதி, மறுபடி மாட்டினார். இறங்கி வந்தார்.

"கூப்பிட்டார் சார். மச்சான், மச்சான்னு ரெண்டு தடவை. சின்னக் குழந்தை மாதிரி." கையைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அதைப் போடாதீங்க. கூப்பிடலன்னே எழுதிடுங்க. கம்பி ஏறிட்டுதான் இருந்துச்சுன்னு போடுங்க. நான்தான் அவசரப்பட்டேன்."

8

ஆகவே அவர்

[இல்லை.]

கம்பி மெல்ல மேலே

[இல்லை.]

மூன்று நாளாக இந்த இடத்தில் நிற்கிறேன். மச்சான் சொன்னபடி எழுதினால் இருவரும் சந்தோஷப்படுவார்கள், பேச்சுகூடத் திரும்பலாம்; ஆனால் அப்போது அந்தக் கம்பியில் மூன்றாவதாக என் கையும் இருக்கும். உண்மையை எழுதினால், ஒரு மனிதர் மனப்பூர்வமாக உதவி கேட்ட ஒரே குரலை ஊருக்கே ஒலிபரப்பியவன் ஆவேன். அவர் மச்சானோடு மட்டுமல்ல, எவரோடும் பேச மாட்டார். என் பல்லில் வேறு இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது.

பல்செட்டு பெஞ்சில் கிடக்கிறார். கம்பி நெஞ்சின்மேல் இருக்கிறது. தண்ணீர் மெஷின் பக்கத்திலிருந்து ஒருவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பல்செட்டு வாயைத் திறக்கிறார். அவர் கூப்பிட்டாரா என்று யாராவது உங்களிடம் கேட்பார்கள்; என்ன சொல்லப்போகிறீர்கள் என்று யோசித்து வையுங்கள். நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.