பூட்டிய அறைக்குள் பூனைக்குட்டி

1

எதிர்வீட்டுப் பூட்டுக்காரர் தன் வீட்டு அறைக்கதவின் முன் நின்று அந்தக் கதவிடமே கெஞ்சிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

தொடக்கம்: 'கிறிஸ்துமஸ் மரத்தில் கண்ணாடி உருண்டைகள் விண்மீன்களாக...'

(வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

பூட்டுக்காரரின் மனைவி மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வெறும் வீடு தாங்காமல் அவர் ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்தார். அது தினமும் அவர் நெஞ்சின்மேல் ஏறித் தூங்கியது. போனில் விஷயத்தைச் சொன்னபோது அவள் ஒரே நிபந்தனை போட்டாள்.

"என் மரத்துல கை வச்சுதுன்னா, அன்னிக்கே அது வேற வீடு பாத்துக்கணும்."

கிறிஸ்துமஸ் மரம் பிளாஸ்டிக்தான். ஆனால் அதில் தொங்கும் கண்ணாடி உருண்டைகள், கல்யாணமான வருஷத்திலிருந்து அவள் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை.

3

குட்டி சும்மா இருக்குமா? மரத்தை மேஜைமேல் ஏற்றினார், அதுவும் ஏறியது. பூனைக்கு ஆரஞ்சு வாசனை ஆகாது என்று யாரோ சொல்ல, சுற்றிலும் தோலைப் போட்டார். அதை உருட்டி விளையாடியது. மனைவி வீடு திரும்பும் நாளில்தான் தொழில் புத்தி எட்டிப் பார்த்தது. மரமிருந்த அறைக்கு ஒரு நல்ல பூட்டாகப் போட்டுவிட்டு, அவளை அழைத்துவரக் கிளம்பினார்.

(ஊர்ப் பூட்டையெல்லாம் திறப்பவர், பூட்டுமுன் உள்ளே பார்க்கவில்லை என்றால் நம்புவீர்களா? எனக்கும் சந்தேகம்தான். ஆனால் மனைவியைக் கூட்டிவரப் போகிற மனுஷனுக்குக் கண்ணா தெரியும்?)

4

இருவரும் வந்து நுழைந்தார்கள். அறைக்குள்ளிருந்து "மியாவ்" என்றது. அவர் முகம் செத்துவிட்டது.

"கண்ணு, எதையும் தொடாம இரு," என்று கதவிடம் கெஞ்சினார். (நான் பார்த்தது இதைத்தான்.) பிறகு மனைவியிடம் திரும்பினார். "தப்பு என்னோடது. அத அனுப்பிடாத. நீ இல்லாதப்போ, அதுவும் இல்லன்னா நான்..."

(இந்த வாக்கியத்தை முடித்துப் பார்த்தேன். கெட்டுப்போயிற்று.)

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு, அவள் அழுகிறாள். இன்னொன்றில் குட்டி மரத்தடியில் சமர்த்தாகப் படுத்திருக்கிறது. நீங்கள் என்னை அடிக்க வருவீர்கள். இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

அவர் சாவியை எடுத்தார்.

"இருங்க," என்றாள் அவள். சுவரைப் பிடித்து மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். கதவுக்கடியில் ஒரு விரலை நுழைத்தாள். உள்ளிருந்து குட்டிக் கை ஒன்று வந்து அதைத் தொட்டது. திரும்பத் திரும்பத் தொட்டது. அவள் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"திறக்கட்டுமா?"

"என்ன அவசரம்? உங்க ஆளுகூடக் கொஞ்சம் பேசிக்கறேன்."

உள்ளே மரம் நிற்கிறதா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. தெரிந்தே ஆகவேண்டுமென்றால் நீங்களே திறந்து பாருங்கள். ஆனால் அவள் விரலை எடுக்கும்வரை பொறுத்திருங்கள்.