குறட்டைக்குச் சாட்சி

வெந்நீரில் வைத்திருந்த கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டுத் தைலத்தை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். பதமான சூடு. "சூடு போதுமா?" என்று கேட்டபடி கணவரின் இடது கெண்டைக்காலில் கையை வைத்தாள்.

"போதும். கட்டைவிரலை அழுத்தாதே. மாவா பிசையற?"

டாக்டர், "இனி வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க" என்று அனுப்பி நாலு நாளாகிறது. சோறுதான் இறங்கவில்லையே தவிர, வாய் அடங்கவில்லை.

முப்பது வருஷம் இருவரும் சேர்ந்து நடத்திய ஆயுர்வேத எண்ணெய்த் தேய்ப்பு நிலையம். ஆண்களுக்கு அவர், பெண்களுக்கு அவள். அந்தத் தொழிலில் பாராட்டு என்றால் அது குறட்டைதான். தூக்கமே வராத வக்கீலம்மா கூட அவள் கை பட்டதும் குறட்டை விட்டிருக்கிறாள். இந்த மனுஷன் மட்டும் ஒரு நாளும் மசியவில்லை. கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு குறை சொல்வார். அவர் போவதற்குள் ஒரே ஒரு குறட்டையாவது வாங்கிவிட வேண்டும் என்று அவளுக்கு வீம்பு.

முழங்காலிலிருந்து குதிகால் வரை நிதானமாக நீவினாள். பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் 'கொர்ர்' என்றது.

"மாட்டிக்கிட்டீங்களா!"

அவர் கண் விழித்தார். "யாரு, நானா? கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன்."

"யோசிக்கிறவங்க குறட்டையா விடுவாங்க?"

"சாட்சி இருக்கா?"

பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. சிரிப்பும் வந்தது. மறுபடி நீவினாள். இந்த முறை குறட்டை அறையையே நிறைத்தது.

"டேய், ஓடி வாடா! அப்பா குறட்டை விடறாரு!"

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மகன், தலை நரைத்த ஆள், சோப்புக் கையோடு ஓடி வந்தான். அறையில் சத்தமே இல்லை.

"சாட்சி வந்ததும் நடிப்பைப் பாரு" என்று உள்ளங்காலில் விரலால் கீறினாள். லேசாகத் தொட்டாலே கூச்சத்தில் எகிறும் கால் அது. அசையவில்லை.

மகன் குனிந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவளுக்கு அழுகை முட்டியது. தோற்கக்கூடாது என்பதற்காகவே போய்விட்டாரே என்று கோபமும் வந்தது.

"அம்மா, நான் கேட்டேம்மா. குழாய்ச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டுச்சு."

"சத்தியமா?"

"சத்தியமாம்மா. லாரி மாதிரி."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். வலது கால் இன்னும் பாக்கி இருந்தது. கிண்ணம் ஆறிப்போயிருந்தது. வேறு வெந்நீர் கொண்டுவரச் சொன்னாள்.

ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள்.

"சூடு போதுமா?" என்று கேட்டுவிட்டு, வலது காலில் கையை வைத்தாள்.