முடிச்சுக் கயிறு

அக்காவைத் தோட்டத்துக்கு வரச் சம்மதிக்க வைப்பதற்குள் தம்பிக்குத் தாவு தீர்ந்துவிட்டது. பார்வை போனபிறகு அவள் வாசலைத் தாண்டுவதே அபூர்வம். அதற்கு முன் அறிவியல் டீச்சர். அவள் வகுப்பில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அவன் போட்டுக் கொடுக்கிற காப்பியை ஆறவிட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பி வெல்டர். குடியிருப்புக்குப் பின்னால் குப்பை கொட்டுகிற இடத்தை எல்லோரும் புழங்கும்படியான தோட்டமாக்கலாம் என்று சங்கச் செயலாளர் பேச்செடுத்ததும் முதல் ஆளாகப் போய் நின்றான். சக்கர நாற்காலி போக அகலமான பாதை, குனியாமல் மண்ணைத் தொட இடுப்பு உயரத் தொட்டிகள், எல்லாமே அவன் கைவேலை. கண் தெரியாதவர்கள் பிடித்து நடப்பதற்கு, இப்போதைக்கு இருக்கட்டும் என்று பாதையோரம் ஒரு பழைய கயிற்றைக் கட்டிவைத்தான்.

ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அக்காவைக் கூட்டிப் போனான். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் வந்தாள். பிறகு ஒவ்வொரு தொட்டியிலும் இலையைத் தடவி, கிள்ளி மோந்து, எதிரே கயிற்றில் ஒரு முடிச்சுப் போட ஆரம்பித்தாள். எந்த முடிச்சு எந்தச் செடிக்கு என்று அவன் கேட்கவில்லை. அவள் சிரிக்கிறாள், அது போதாதா? கடைசியில் ஒருநாள் அவளாகவே சொன்னாள்: "பசங்கள வரச் சொல்லு. நான் சொல்லித் தர்றேன்."

அன்றைக்கு அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

திறப்புவிழாவுக்கு முன்தினம் செயலாளர் வந்து பார்த்து, கயிறு துணி காயப்போடுகிற கொடி மாதிரி இருக்கிறதே என்றார். அவனுக்கும் சுருக்கென்றது. என் அக்கா பாடம் நடத்துகிற இடத்தில் அழுக்குக் கயிறா? பட்டறையிலிருந்து குழாய்களைக் கொண்டுவந்து கயிறு இருந்த இடத்தில் கைப்பிடி அடித்தான். வெல்டிங் தழும்பு ஒன்றுவிடாமல் தேய்த்து, பெயின்ட் அடித்து, எங்கே ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று செயலாளரிடம் சவால்கூட விட்டான். கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டித் தக்காளிச் செடிகளைக் கம்போடு கட்டினான். அக்காவிடம் மூச்சு விடவில்லை. தொட்டுப் பார்த்து அசந்துபோகட்டும்.

மறுநாள் குடியிருப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அக்கா நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்தாள். கைப்பிடியைத் தொட்டதும் கை ஒரு கணம் நின்றது. பிறகு நடந்தாள். உள்ளங்கை குழாயின்மேல் வழுக்கிக்கொண்டே போனது. திரும்பி வந்து மறுபடி தேடினாள். அவள் தேடுவது முடிச்சுகளை என்று தம்பிக்கு அப்போதுதான் புரிந்தது.

"இங்க புதினா இருக்கு. கிள்ளி மோந்து பாருங்க" என்றாள் குத்துமதிப்பாக, பழைய டீச்சர் குரலில்.

"டீச்சர், இது மிளகாய்ச் செடி" என்றது ஒரு குழந்தை, மெதுவாக.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அதட்டியிருப்பாள், அவளுக்கு அது பழக்கம். இந்த அமைதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வேறு பக்கம் திரும்பி வேகமாக நடந்து உரத்தொட்டியில் இடித்துக்கொண்டாள். ஓடிப்போய்ப் பிடித்த அவனிடம், வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். குழாய்மேல் வெல்டிங்கிலேயே புடைப்பு வைத்துத் தருகிறேன், ஒரு மணி நேர வேலை, எங்கெங்கே எப்படி வேண்டும் என்று மட்டும் சொல் என்றான். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

"நீ நல்லாத்தான்டா செஞ்சிருக்க," என்றாள் அக்கா. "எங்கயுமே கை தடுக்கல."

"சொல்லுக்கா. எந்த முடிச்சு எதுக்கு?"

"மறந்துடுச்சு."

ஒரு பாடத்தையும் மறக்காதவள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் தோட்டத்துக்குத் திரும்பிப் போனான். தக்காளிச் செடிகளிலிருந்து கயிற்றுத் துண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தரையில் நீளமாக வைத்துப் பார்த்தான். எது முதல், எது அடுத்தது என்று தெரியவில்லை. சில முடிச்சுகள் அவள் போட்டவை, சில அவனே செடி கட்டப் போட்டவை. அவனுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு தடவினான். அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை.