கத்திரி கேட்ட வீடு

கயிறு இறங்க மறுத்தது. சந்தனத்தின் உடம்பை முற்றத்தில் பெஞ்சில் கிடத்தி, நாலு பேர் வேட்டியை மறைப்பாகப் பிடித்துக்கொள்ள, நீர்மாலையாக எடுத்துவந்த தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டியாகிவிட்டது. அரைஞாண் கயிற்றை அறுத்துவிட்டுத்தான் குழிக்குக் கொண்டுபோக வேண்டும். ஊதிய வயிற்றில் கயிறு சதைக்குள் புதைந்து, முடிச்சு யார் விரலுக்கும் அவிழவில்லை.

"கத்தி வேணாம்ப்பா, ஒடம்புல பட்டுரும். கத்திரி வாங்கிட்டு வாங்க," என்றார் சித்தப்பா ராஜகுரு.

பக்கத்து வீடுகளில் ஒருத்தரும் தரவில்லை. துட்டி வீட்டுக்குப் போன கத்திரியை யார் திரும்ப வாங்கி வைத்துக்கொள்வார்கள்? திருச்சுழிப் பக்கத்துக் கத்திரி வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. பிணத்தை நெடுநேரம் போட்டு வைக்க முடியாது.

"ஏத்தா முனீஸ்வரி, ஒம் பையில இருக்குமே?" என்றார் ராஜகுரு.

மறைப்புக்கு வெளியே நின்றிருந்தாள் சந்தனத்தின் மகள். பாலவனத்தத்தில் ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள். காலையில் அவள் கொண்டுவந்த கோடி வேட்டியை அண்ணன் நாகராஜ் காலால் ஒதுக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தான். மகள் போட வேண்டிய கோடியைப் போடாமல் இந்த வீட்டைவிட்டுப் போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், அடிக்கிற புருஷன் வேண்டாமென்று இரண்டு பிள்ளைகளோடு இதே வாசலுக்கு வந்தாள். நாகராஜ் மறித்தான். "இந்த வீட்டுக்கும் ஒனக்கும் கத்தரிச்சாச்சு. போ," என்றான். அப்பா உள்ளே சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்.

எந்தச் சொல்லைக் கேட்டாலும் அது பிறந்த கதையை எடுத்துவிடுகிற மனுஷன் அவர். "கத்திரின்னா என்னப்பா?" என்று சிறுவயதில் கேட்டிருக்கிறாள். "ரெண்டு கத்தி கூடிக்கிட்டா கத்திரி, தாயி. பிரிஞ்சா ரெண்டும் தகரந்தான்." "அப்ப கத்திரி வெயிலு?" "பயிரக் கத்தரிக்கிற வெயிலு." கத்தரிக்காய்க்கு மட்டும் முழித்துவிட்டு, "அதத் தின்னுட்டுத்தான் யோசிக்கணும்," என்று சிரித்தார். பொய்யோ மெய்யோ, பதில் இல்லாமல் இருந்ததில்லை. மகன் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. கோணி ஊசி போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

மறைப்புக்கு மேலே நாகராஜின் கை நீண்டது. முனீஸ்வரி கத்திரியை எடுத்ததும் கை பின்வாங்கியது.

"கையில குடுக்காத. தரையில வையி."

"ஏன், சண்டை வந்துருமோ? இனிமேத்தான் வரணுமாக்கும்?"

வேட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"ஏய், பொம்பள உள்ள வரக் கூடாது!"

"எங்கப்பன்தான. தள்ளு."

"விடுப்பா, நேரமாகுது," என்றார் ராஜகுரு.

கயிற்றைப் பார்த்ததும் அவள் கை நின்றது. கறுப்பு நூலோடு ஒற்றைப் பச்சை. தையல் மிஷின் நூலை அவளே முறுக்கி, கடைசியாக இந்த வீட்டில் கொண்டாடிய பொங்கலன்று அவர் கையில் கொடுத்த கயிறு. பொங்கலுக்குப் பொங்கல் கயிறு மாற்றுகிற ஊர் இது. இவர் மாற்றவில்லை. அறுந்த இடங்களில் மூன்று முடிச்சு போட்டிருந்தார்.

அவளுக்கு அழுகை வரவில்லை.

"வேட்டிக்குள்ள வச்சிருந்தீகளாக்கும்," என்றாள், பிணத்தைப் பார்த்து. "ஒருத்தருக்கும் தெரியாம. வாயத் தெறந்து 'உள்ள வா தாயி'ன்னு ஒரு வார்த்த சொல்ல ஏலல. எம் பிள்ளைக அன்னைக்கு பஸ்டாண்டு சிமிண்டுல படுத்துச்சுக. தெரியுமா ஒங்களுக்கு?"

பெஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சதைக்கும் கயிற்றுக்கும் நடுவே இடதுகை விரலை நுழைத்தாள். வெட்டினால் தன் விரலில் படட்டும், அவர் தோலில் படக் கூடாது. கத்திரி ஒரே கடியில் அறுத்தது.

நாகராஜ் கயிற்றை உருவிக்கொண்டான். "கத்திரியும் குழிக்குத்தான். வெளிய கொண்டுபோகக் கூடாது."

"எம் பிள்ளைகளுக்கு நீயா கஞ்சி ஊத்துற?"

மிச்சமிருந்த நீர்மாலைத் தண்ணீரில் கத்திரியைக் கழுவிப் பையில் போட்டாள். நேரே போய்க் கட்டிலுக்கடியிலிருந்து கோடியை இழுத்து, உதறி, அப்பாவின் மேல் விரித்தாள். நாகராஜ் சித்தப்பாவைப் பார்த்தான். ராஜகுரு குனிந்து கோடியின் ஓரத்தைச் செருகிவிட்டார்.

சாயங்காலம் அருப்புக்கோட்டையில் பஸ் மாறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சில்லறை எடுக்கப் பைக்குள் கை விட்டபோது கத்திரி தட்டுப்பட்டது. இரண்டு அலகும் சேருகிற ஆணியில் பச்சை நூல் ஒன்று மாட்டியிருந்தது. அதை உருவி விரலில் சுற்றினாள். இறுக்கினாள். நுனி சிவந்து கறுக்கிற வரைக்கும் விடவில்லை.

"எங்கம்மா போகணும்?" என்றார் கண்டக்டர்.

"பாலவனத்தம் ஒண்ணு," என்று அந்தக் கையாலேயே காசை நீட்டினாள்.