கேட்டது போலத் தலையாட்டியவர்

“இஞ்சேருங்கோ, பால்மா முடிஞ்சு போச்சு. வேலையால வரேக்க ஒரு பக்கெற் வாங்கிக்கொண்டு வாறீங்களோ?” என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் கனகேஸ்வரி.

“ஓம், உப்பு அளவாத்தான் இருக்கு,” என்றார் யோகநாதன், இடியப்பத்தைச் சொதியில் தோய்த்தபடி.

கனகேஸ்வரி வெளியே வந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே தான் எதையோ தவறவிட்டுவிட்டது அவருக்குப் புரிந்தது. “ராத்திரி சரியா நித்திரையில்லை,” என்று சிரித்துச் சமாளித்தார்.

வெள்ளவத்தையில் ஒரு காப்புறுதி அலுவலகத்தின் முகாமையாளர் அவர். ஐம்பது வயதைத் தொட்டபோது, உலகத்தின் சத்தங்கள் அவரை விட்டு மெல்ல விலகத் தொடங்கியிருந்தன. காலி வீதியின் பஸ் ஹோர்ன் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல வந்தது. இரண்டு காதுகளிலும் கேட்கும் சக்தி பாதியாகிவிட்டது, காதுக்கு மெஷின் போட்டேயாக வேண்டும் என்று டொக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது. “காதுக்குள்ள ஊத்தை அடைச்சிருக்காம், துளிமருந்து விடட்டாம்,” என்று அன்று மனைவியிடம் சொன்னார். துளிமருந்தும் வாங்கி வைத்தார்.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அதே அலுவலகத்தில் அழகர் என்ற கணக்காளருக்குக் காது மந்தமானபோது, இளையவர்கள் சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்துக் காட்டி அவரைத் திண்டாட வைத்தார்கள். அவர் வயது வருமுன்பே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். தனக்கு அந்த நிலை வேண்டாமென்று யோகநாதன் உதடுகளை வாசிக்கப் பழகினார். மற்றவர்கள் சிரிக்கும்போது சிரித்தார். எதற்கும் தலையாட்டினார்.

அந்த மங்கிய உலகத்துக்குள்தான் பனிமலை வந்தது. அலுவலக நண்பன் ஜெயகுமார் முன்பே இரண்டொரு தடவை நேபாளம் போய்ப் பனிமலை ஏறி வந்தவன்; மறுபடியும் போகத் திட்டம் போட்டான். தெஹிவளையைச் சேர்ந்த ரிம்ஸானும் அவனுடைய தங்கை பர்ஹாவும் ஜெயகுமாரோடு சேர்ந்துகொள்ள, நாலாவது ஆளாக யோகநாதன் கை தூக்கினார். ஞாயிறு பின்னேரங்களில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஜெயகுமாரின் ஃபிளாட்டில் கூடுவார்கள். தேநீர் ஆறும். சுவரில் ஒட்டிய வரைபடத்தில் பனி வெள்ளையாக விரிந்து கிடக்கும்.

“மேல் முகாமில இருந்து நடு இரவில வெளிக்கிடவேணும்,” என்றான் ஜெயகுமார். “அப்பதான் பனி இறுகியிருக்கும். விடியேக்க உச்சி. வெயில் ஏறிப் பனி இளக முதல் திரும்பி இறங்கிடவேணும். நாலு பேரும் ஒரே கயிறு. பனிக்குக் கீழ வெடிப்பு இருக்கும், மேலால பார்த்தாத் தெரியாது. ஒராள் விழுந்தா மற்ற மூண்டு பேரும்தான் பிடிக்கவேணும்.”

பிறகு அவன் வரைபடத்தின் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு தொடர்ந்தான். “இருட்டில ஒருத்தற்ற முகம் ஒருத்தருக்குத் தெரியாது. குரலை வைச்சுத்தான் எல்லாம். நில் எண்டா அந்த இடத்திலேயே நிக்கவேணும்.”

இந்தக் கடைசி வார்த்தைகள் யோகநாதனை எட்டவில்லை. அவர் தலையாட்டினார். அவர் மனம் வெள்ளை வெளியில் நடந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள், யாரும் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. பனியில் எல்லோருக்கும் ஒரேயளவு மௌனம்தான். அந்த நினைப்பு அவருக்கு இதமாக இருந்தது.

கயிறு கட்டி நடக்கும் பயிற்சியை வெள்ளவத்தைக் கரையில் வைத்துக்கொண்டார்கள். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே கொட்டியிருந்த கருங்கற்களில் ஏறி இறங்குவதுதான் பயிற்சி. இரண்டிரண்டு பேராகக் கயிறு கட்டி, முறை வைத்து ஒவ்வொருவராக முன்னால் போனார்கள். சூரியன் கடலுக்குள் இறங்கிய நேரத்தில் யோகநாதனின் முறை வந்தது. அவருக்குப் பின்னால் பர்ஹா.

மேற்கே வானம் பழுத்துக் கிடந்தது. அலைநுரை மங்கலில் பனியாகத் தெரிந்தது. இடுப்பில் கயிறு, காலுக்குக் கீழே கல், முகத்தில் உப்புக் காற்று. தான் கொழும்பில் இருப்பதையே அவர் மறந்துபோனார். கயிறு ஒரு தடவை இறுகியது. எங்கோ கல்லில் சிக்கிவிட்டது போல என்று எண்ணி, உடம்பை முன்னே சாய்த்து இழுத்தார். மறுபடியும் இறுகியது. இன்னும் பலமாக இழுத்தார்.

திரும்பிப் பார்த்தபோது பர்ஹா கற்களுக்கு நடுவே விழுந்து கிடந்தாள். கால் இடுக்கில் மாட்டிக்கொண்டதும் “நில்லுங்க, நில்லுங்க” என்று கத்தியிருக்கிறாள். இழுத்த இழுப்பில் கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்திருந்தது.

“காத்துக்குக் கேட்டிராது, அண்ணை,” என்றான் ஓடிவந்த ஜெயகுமார்.

“ஓம், சரியான காத்து,” என்றார் யோகநாதன்.

அடுத்த ஞாயிறு பர்ஹா கையில் கட்டுடன் வந்தாள். தேநீரைக்கூடத் தொடவில்லை.

“நா வரல்ல, ஜெயா அண்ணன். இவ்வளவு கிட்ட இருந்தும் நா கத்தினது யோகா அண்ணனுக்குக் கேக்கல்ல. என்ட சத்தம் அவ்வளவுதான் போல. மலையில என்னால எல்லாருக்கும் ஆபத்து வந்துரும். நீங்க மூணு பேரும் போங்க.”

அவள் யோகநாதனுக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். உதடுகளில் ஒரு சொல்லும் தப்பவில்லை. அவர் தலை வழக்கம் போல அசையத் தொடங்கிப் பாதியில் நின்றது. தன்னுடைய குறையை இந்தப் பிள்ளை தன்னுடையதாகத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“பிள்ளை, உங்கட குரலில ஒரு பிழையும் இல்லை,” என்றார். “எனக்குத்தான் காது கேக்கிறேல்லை. காத்தும் இல்லை, கடலும் இல்லை. ஒரு வருசமா டொக்டர் சொல்லுறார், நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. என்ர மனுசிக்கும் தெரியாது.”

“தங்கச்சிட தல அடிபட்டிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?” என்றான் ரிம்ஸான். யோகநாதன் தான் விலகிக்கொள்வதாகச் சொன்னார்.

ஜெயகுமார் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “இந்த வருசம் ஒருத்தரும் போகேல்லை,” என்றான் கடைசியில். “பர்ஹாவின்ர கை சரிவரட்டும். நீங்கள் முதலில மெஷினைப் போடுங்கோ, அண்ணை. அடுத்த வருசத்துக்குப் புதுசாத் திட்டம் போடுவம். அந்தக் குளிரில மெஷின்ர பற்றறி செத்துப்போகவும் கூடும். அதுக்காகக் கயிறாலயும் கதைக்கப் பழகுவம். ஒரு இழுவை எண்டா நில், ரெண்டு எண்டா வா.”

அன்றிரவே யோகநாதன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கனகேஸ்வரி அழுதாள். பிறகு, “நான் உங்களோட கதைக்கிறதை நீங்கள் விரும்பேல்லையாக்கும் எண்டு எத்தனை நாள் நினைச்சனான் தெரியுமோ,” என்றாள். அவரை டொக்டரிடம் அவளே கூட்டிப் போனாள்.

மெஷின் போட்ட முதல் நாள் கடற்கரை ரயிலின் இரைச்சலில் அவர் திடுக்கிட்டார். காகங்கள் இவ்வளவு கத்துமா என்று வியந்தார். அலுவலகத்தில் ஓரிருவர் அவருடைய காதையே பார்த்தார்கள். “மெஷின் போட்டிருக்கிறன். முகத்தைப் பார்த்துக் கதைச்சா இன்னும் நல்லாக் கேக்கும்,” என்று அவரே சொன்னார். அதற்கு மேல் அதில் கேலி செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

பர்ஹாவின் கை தேறிய பிறகு பயிற்சி மறுபடி தொடங்கியது. அவர் பின்னால் தானே வருவேன் என்று அவள் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். முடிந்து மணலில் உட்கார்ந்தபோது யோகநாதன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“என்னில இன்னும் கோபமோ, பிள்ளை?”

பர்ஹா அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, நிதானமாகச் சொன்னாள்.

“கேக்கலன்னு நீங்க சொல்லியிருந்தா நா பக்கத்துல வந்து தொட்டுச் சொல்லியிருப்பேன், அண்ணன். காது கேக்காதது ஒரு வெட்கமும் இல்ல. என்ட கைய ஒடச்சது அது இல்ல. கேட்ட மாதிரி நீங்க தலையாட்டினீங்களே, அதுதான்.”