அவள் பெயரில்

"கம்மின்னு செவப்பு மையிலயே போட்டிருக்கு. நாங்களா ஒண்ணும் சொல்லல" என்று மாமியார் ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினார். அவர் மகனுக்கு இரண்டாம் தாரமாகப் பெண் கொடுக்க யோசித்து வந்திருந்த பெரியவர், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். தாளின் தலையில் மருமகளின் பெயர் இருந்தது.

ஒன்பது வருடம் அந்த வீட்டில் வாழ்ந்த அந்த மருமகள், தண்ணீர்த் தட்டோடு நின்றாள். அவள் கணவர் குழாய் வேலைக்காரர். எப்போதும் சட்டைக் கையை மடித்தே விடுகிறவர், அந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருந்தார்.

அந்த ரத்தம் அவருடையது.

எட்டு வருடம் மாத்திரை விழுங்கியவள் அவள்தான். அவளிடம் குறையொன்றும் இல்லை என்று சொல்லி, டாக்டரம்மா கணவரையும் வரவழைத்துச் சோதித்தார். அவருக்கு விந்தணு குறைவு. அதற்கு ஹார்மோன் ஊசி உண்டு. ஆனால் எல்லோருக்கும் கேட்காது. யாருக்குக் கேட்கும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்ல ஒரு வழி இருந்தது.

"மாடிக்குத் தண்ணி ஏறலன்னா மொதல்ல எதைப் பாப்பீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"மோட்டார் தள்ளுதான்னு பாப்பேன்."

உடம்பிலும் அப்படித்தான். மூளை ஒரு ஹார்மோனை ரத்தத்தில் அனுப்பி, விதைகளை வேலை செய்யச் சொல்கிறது. அதன் அளவு ஏறிக் கிடந்தால், மோட்டார் முழு மூச்சாகத் தள்ளியும் தண்ணீர் வரவில்லை, கோளாறு குழாயில் என்று பொருள். ஊசி போட்டும் பெரிதாகப் பயனிராது. அளவு குறைந்திருந்தால் குழாய் நன்றாகவே இருக்கலாம்; தள்ளல்தான் போதவில்லை. ஊசி அந்தத் தள்ளலைத் தரும்.

ரத்தம் எடுக்க லேப்காரர் வீட்டுக்கே வந்தார். பெயர் கேட்டதும் மாமியார் முந்திக்கொண்டார். "அவ பேரையே எழுதிக்கங்க தம்பி. ஆம்பள பேரு வெளிய போனா எவன் மதிப்பான்? ரத்தத்துல பேரா எழுதியிருக்கு?"

முடிவு 'குறைவு' என்று வந்தது. அது நல்ல செய்தி. மருமகள் டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னாள். இதை வைத்து ஊசி எழுத முடியாது, கணவர் பெயரிலேயே மறுபடி எடுத்துவரச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா ஒரு படிவம் கொடுத்தனுப்பினார். கேட்டதும் கணவர் வெகுநாளுக்குப் பிறகு சிரித்தார். "அப்ப கொழாய் கெட்டுப் போகல" என்றார். அம்மாவிடம் உண்மையைத் தானே சொல்வதாகவும் சொன்னார். அது மூன்று நாளைக்கு முன்பு.

மருமகள் தட்டைக் கீழே வைத்தாள். தன் சுடிதார்க் கைகளை மேலே ஏற்றி, இரண்டு முழங்கை மடிப்புகளையும் பெரியவருக்குக் காட்டினாள்.

"ரத்தம் எடுக்க ஊசி குத்துன எடம் கன்னிப்போயிருக்கணும்ல, ஐயா? எங்கிட்ட இருக்கான்னு பாருங்க."

பெரியவர் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பிக் கணவரின் முழுக்கைச் சட்டையைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். பெரியவரும் உடன் வந்தவர்களும் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்தார்கள்.

"எம்புள்ள மானத்த வாங்கிட்டியே" என்றார் மாமியார்.

நிரப்பாத படிவத்தை மருமகள் கணவரின் வேலைப்பையில், குழாய்த் திருகிக்கு மேல் வைத்தாள்.

"ஊசி உங்களுக்குக் கேக்க வாய்ப்பிருக்காம். இதுல பேரை மட்டும் நீங்க எழுதுங்க."

தையல் ஆலையில் காலர் தைக்கும் அவளுக்கு மதிய ஷிப்ட். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

திரும்பி வந்தபோது படிவம் நிரப்பப்பட்டிருந்தது. எழுத்து அவருடையதுதான். ஒவ்வொரு எழுத்தாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், அவள் பெயரை எழுதியிருந்தார்.